நீருக்கடியில் இருந்ததற்குச் சாட்சி

மதுரை வட்டார வீரர் நிர்ணய சபை, எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரின்போது எல்லையில் குளிரில் நின்ற ஜவான்களுக்குக் கம்பளி சேகரிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. கம்பளி வந்து சேர்வதற்குள் போர் முடிந்துவிட்டது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல், உறுப்பினர்களே அவற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். மதுரை வெயிலில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

கம்பளி தீர்ந்த பிறகும் சபையைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. காளவாசலில் ஒரு மாடியறை, பெயர்ப்பலகை, தலைவருக்குக் குஷன் வைத்த நாற்காலி எல்லாம் இருந்தன. ஆகவே, போரில் உண்மையிலேயே வீரமாக நடந்துகொண்டவர்கள் யார் யார் என்று நிர்ணயிக்கும் பொறுப்பைச் சபை தானாகவே எடுத்துக்கொண்டது. முக்குரோட்டில் ஒரு கருங்கல் தூணையும் நட்டது. சபை நிர்ணயித்த பெயர் மட்டுமே அந்தத் தூணில் ஏறும் என்று விதி செய்தார்கள். தூண் நட்டுச் சில வருஷங்கள் ஆகியும், அதில் ஏறியிருந்த பெயர்கள் தூணை நட்டவர்களுடையவை மட்டும்தான்.

முதல் பெயர் தலைவர் சங்கிலியுடையது. வாடிப்பட்டியில் அரிசி ஆலையும் தென்னந்தோப்பும் வைத்திருந்தவர். போர் நடந்த நாட்களில் விளக்கணைப்பு உத்தரவு வந்தபோது ஆலையின் மொட்டை மாடியில் ஈஸிசேர் போட்டுப் படுத்து வானத்தைக் கண்காணித்தார். எதிரி விமானம் மதுரைப் பக்கம் வந்திருந்தால் அதை முதலில் பார்த்திருக்கக்கூடியவர் அவர்தான். வரவில்லை என்பது அவருடைய குற்றமல்ல என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்து அவருக்குத் தங்கப் பதக்கம் அணிவித்தது.

இந்தச் சபையிடம்தான் முத்திருளன் வந்து மாட்டிக்கொண்டார்.

முத்திருளன் எழுமலைக்காரர். மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்த குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்து, அப்படியே கடற்படைக்குத் தேர்வாகி, லெப்டினன்ட் கமாண்டர் வரை உயர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் போர் பார்த்தவர். வீரத்துக்கு ஒன்றும் போரில் பங்கேற்றதற்கு ஒன்றும் காயத்துக்கு ஒன்றுமாகப் பதக்கங்கள் கிடைத்தன. காயம் காதில். இடது காது கேட்காது என்று ஆனதும் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். காளவாசல் பக்கம் வாடகை வீடு எடுத்து, ஒரு நூற்பாலையில் எஞ்சின் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதக்கங்கள் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருந்தன. தூணைப் பற்றியோ சபையைப் பற்றியோ அவருக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் அவர் வீடு தேடி வந்தார்கள். இளையவள் பக்ருன்னிசா. கூட வந்தது அவளுடைய அம்மா சுல்தான் பீவி. முத்திருளனோடு அதே கப்பலில் வேலை செய்து, போரில் இறந்துபோன பாதுஷாவின் தங்கையும் தாயும்.

"அண்ணே, எங்க அண்ணன் பேரைத் தூண்ல போடணும்" என்றாள் பக்ருன்னிசா. "நீங்கதான் அவனோட இருந்தீங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"தூண்ல என்னம்மா இருக்கு? கடற்படையிலேர்ந்தே உங்களுக்கு எழுதியிருப்பாங்களே."

"எழுதுனாங்க. போர்ல இறந்தான்னு மட்டும்தான் இருக்கு. எங்க, எப்படின்னு ஒண்ணும் இல்ல. உடம்பும் வரல. அவன் எதிரி நாட்டுக்கு ஓடிப்போயிட்டான்னு தெருவுல பேசுறாங்கண்ணே. எனக்கு வந்த சம்பந்தம் எல்லாம் அதுலயே நின்னுருச்சு. கடைசியா ஜவுளிக்கடை சேக் மைதீன் மாமா மகனுக்குக் கேட்டு வந்தாக. 'தூண்ல பேர் வரட்டும், அப்புறம் பேசுவோம்'னு சொல்லிட்டுப் போயிட்டாக."

சுல்தான் பீவி, மகள் பேசி முடிக்கும்வரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திருளனின் மனைவி சோலையம்மாள் காப்பி கொடுத்தபோது அதையும் வேண்டாம் என்றார். பாதுஷா இறந்த அந்தப் பயணத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று முத்திருளனுக்கு உத்தரவு இருந்தது. இருந்தாலும், பாதுஷாவைப் பற்றி நான்கு பேர் இப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. இடத்தின் பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்லலாம் என்று முடிவுசெய்து, மறுநாளே சபையின் மாடிப்படி ஏறினார்.

சபையின் செயலாளர் சோணை, ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திருளனை நிற்க வைத்தே மேலும் கீழும் பார்த்தார்.

"உக்காருங்க கமாண்டர் சார். கமாண்டர்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இன்னும் நிர்ணயம் ஆகல."

"நான் எனக்காக வரல சார். பாதுஷாவுக்கு..."

"அவருக்குச் சாட்சி நீங்க. உங்களுக்குச் சாட்சி யாரு? அந்தச் சமயத்துல கடலுக்கு அடியில உங்களைப் பார்த்தவங்க யாராச்சும் உண்டா?"

"கப்பல்ல இருந்தவங்க எல்லாரும் பார்த்தாங்க."

"அவங்க உங்க ஆளுங்க. வெளியாள்?"

"வெளியாள் பார்த்திருந்தா நாங்க செத்திருப்போம் சார். எவன் கண்ணுலயும் படாம இருக்கிறதுதான் எங்க வேலையே."

சோணை பேனாவை மூடி வைத்தார். "போர் நடக்கும்போது எவன் கண்ணுலயும் படாம இருந்தவங்களுக்கு நாங்க வேற பேர் வச்சிருக்கோம். சரி, விடுங்க. பாதுஷாவை எங்க அடக்கம் பண்ணினீங்க?"

"கடல்ல."

"கடல்னா பொத்தாம்பொதுவாச் சொன்னா எப்படி? நான்கெல்லை வேணும். கிழக்கே என்ன?"

"தண்ணி."

"மேற்கே?"

"தண்ணிதான் சார். அதுக்கு மேல இடத்தைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

அதுவரை கண்ணை மூடியிருந்த தலைவர் சங்கிலி, குஷன் நாற்காலியில் நிமிர்ந்தார். "எங்ககிட்ட தாராளமாச் சொல்லலாம் தம்பி. ரகசியம் இந்த ரூமை விட்டு வெளிய போகாது. மினிட்ஸ்ல எழுதுவோம், தீர்மானம் போடுவோம், நோட்டீஸ் அடிச்சு முக்குல ஒட்டுவோம். அதோட சரி."

முத்திருளன் மறுத்துவிட்டார். சோணை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சொல்லல, ஊர் சொல்லுது. போர் யாரோட நடந்துச்சு? பையன் பேரு என்ன? அதையும் யோசிக்கணும்ல?" என்றார்.

"ஊர்ல யாரு சொல்றா?"

"இப்ப எல்லாருமே சொல்றாங்க. போர் முடிஞ்ச புதுசுல நாங்கதான் அந்தத் தெருவுக்குப் போயி, 'பாதுஷா திரும்பி வந்தானா, காயிதம் கீயிதம் போட்டானா, பாகிஸ்தான்ல அவனுக்குச் சொந்தம் உண்டா'ன்னு வீடு வீடா விசாரிச்சோம். அதுக்கு முன்னாடி அங்க ஒருத்தனும் வாயே திறக்கல. நாங்க விசாரிச்சதுக்கு அப்புறம்தான் உண்மை வெளிய வந்துச்சு" என்று பெருமையோடு சொன்னார் சோணை.

அடுத்த வாரம் பதக்கங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். சபைக்கு என்று ஓர் ஆசாரி இருந்தார். அவர் ஒவ்வொரு பதக்கத்தையும் கல்லில் உரசிப் பார்த்து, "சரக்கு சுமார்தான்" என்றார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சங்கிலி தன் சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தை நிமிர்த்திக் காட்டினார். "அரசாங்கம் ஒரு வீரனுக்குக் கொடுக்கிறதுல கலப்படம் பண்ணுமாய்யா? இந்தா, என்னோடதைப் பாரு. சொக்கத் தங்கம். இதே ஆசாரி செஞ்சதுதான். நான் பக்கத்துலயே உக்காந்து, என் கண்ணு முன்னாடி உருக்கச் சொன்னேன். உங்க பதக்கத்தைச் செய்யும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எதை நம்பி வாங்கிக் குத்திக்கிட்டீங்க?"

முத்திருளன் பதக்கங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அவரைக் கண்காணிக்க ஆள் போட்டார்கள். சபையின் பியூன் காளை, ஒரு பழைய சைக்கிளில் அவர் பின்னாலேயே வந்தான். மழை பெய்தபோது அவர் கடையோரம் ஒதுங்கி நின்றதைப் பார்த்து, தண்ணீரில் பழக்கமில்லாதவர் போலத் தெரிகிறது என்று போய்ச் சொன்னான். டீக்கடையில் கூப்பிட்ட குரலுக்கு அவர் திரும்பிப் பார்க்காததை வைத்து, பெயர் உண்மையான பெயர்தானா என்பது சந்தேகம் என்று சொன்னான். கூப்பிட்டவர் இடது பக்கம் நின்று கூப்பிட்டிருந்தார்.

சபை விசாரிக்கிறது என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று தெருவும் நினைக்க ஆரம்பித்தது. மளிகைக் கடைக்காரர் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். நூற்பாலையில் தினமும் சலாம் வைத்த வாட்ச்மேன், ஒருநாள் அடையாள அட்டையைக் கேட்டார். முத்திருளனுக்கும் நிம்மதி போயிற்று. பஸ்ஸில் பேப்பர் படிப்பவர் எல்லாரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. எதிரிக் கப்பல் தலைக்கு மேலே சுற்றியபோதுகூட அவருக்கு இப்படி முதுகு கூசியதில்லை.

ஒரு நாள் பின்னாலிருந்து காளையே அவரைக் கூப்பிட்டான். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே! செயின் கழண்டுக்கிச்சு. உங்களைத் தவற விட்டுட்டேன்னா சோணை சார் உசுரை எடுத்துருவாரு." முத்திருளன் நின்று, அவனுக்குச் செயினை மாட்டிக் கொடுத்து, இரண்டு பேருமாகவே வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாப்பாடு போடும்போது சோலையம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோவிச்சுக்கிராதீக. கல்யாணமான புதுசுல வருஷத்துக்கு ஒருக்காதான் வருவீக. எங்க இருந்தீகன்னு கேட்டா, சொல்லக் கூடாதும்பீக. நெசமாவே கப்பல்லதான இருந்தீக?"

முத்திருளன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

கடைசியாக, சபை ஒரு செய்முறைச் சோதனைக்கு முடிவுசெய்தது. நீர்மூழ்கி அதிகாரி என்று சொல்பவர் நீரில் மூழ்கிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

"சார், மூழ்குறது கப்பல். நாங்க உள்ள நனையாம இருப்போம்" என்றார் முத்திருளன்.

சோணை துள்ளிவிட்டார். "தலைவரே, கேட்டீங்களா? நனையவே இல்லையாம்! அப்ப தைரியம் கப்பலோடதுதான? பதக்கத்தையும் கப்பலுக்குத்தான் கொடுத்திருக்கணும்."

காதில் தண்ணீர் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள் என்பதால் முத்திருளன் சொல்லவில்லை. பக்ருன்னிசா அதற்குள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருந்தாள். சேக் மைதீன் தன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்லி அழுதிருந்தாள்.

சோதனை, வாடிப்பட்டியில் சங்கிலியின் தோப்புக் கிணற்றில் நடந்தது. கிணற்றைச் சுற்றி நாற்காலிகள் போட்டு, உறுப்பினர்கள் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முத்திருளன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, படி வழியாக இறங்கித் தண்ணீருக்குள் போனார். காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடியிலேயே இருந்தார்.

மேலே சந்தேகம் எழுந்தது. மோட்டார் குழாயில் வாயை வைத்து மூச்சு விடுகிறாரோ என்று சோணை கேட்டார். அதைக் கண்டுபிடிக்கத் தலைவர் சங்கிலி தாமே கிணற்று விளிம்புக்கு வந்து குனிந்தார். இன்னும் நன்றாகக் குனிந்தார். ஜரிகை அங்கவஸ்திரம் முதலில் போனது. அதைப் பிடிக்கப் போய்த் தலைவரும் போனார்.

சங்கிலிக்கு நீச்சல் தெரியாது. ஒரு முறை மேலே வந்து, "சோணை!" என்று கத்திவிட்டு மறுபடியும் உள்ளே போனார். சோணை உடனே எழுந்து, கிணற்றைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். முத்திருளன்தான் சங்கிலியின் முடியைப் பிடித்துத் தூக்கி, படியில் கிடத்தி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றினார்.

அவசரக் கூட்டம் தோப்பிலேயே கூடியது. முத்திருளன் கீழேயிருந்து தலைவரை இழுத்தாரா என்று முதலில் விசாரித்தார்கள். ஆதாரம் போதவில்லை. பிறகு, ஒரு மனிதர் நீருக்கடியில் சென்று உயிரோடு திரும்பியதை, சபையார் அனைவரும் தங்கள் கண்களாலேயே கண்டதால், தலைவர் சங்கிலிக்கு 'நீர்மூழ்கி வீரர்' பட்டம் வழங்கி, அதைத் தூணிலும் பொறிப்பது என்று தீர்மானித்தார்கள். தலைவர் ஈரத் துணியோடு முன்மொழிந்தார். சோணை வழிமொழிந்தார்.

முத்திருளன் கிளம்பும்போது சோணை அவரைத் தனியாக அழைத்தார். "விழா அன்னைக்கு நீங்க மேடையேறி, தலைவர் தண்ணிக்குள்ள இருந்ததுக்குச் சாட்சி சொல்லணும். உள்ள இருந்து பார்த்தது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க, பாதுஷா விஷயத்தையும் அன்னைக்கே முடிச்சிருவோம்."

விழாவுக்குக் காளவாசல் முக்கில் பந்தல் போட்டார்கள். பாதுஷா விஷயம் அன்றைக்கே முடியும் என்று முத்திருளன் சொன்னதை நம்பிப் பக்ருன்னிசா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சேக் மைதீனும் தெருக்காரர்கள் சிலரும் ஓரமாக நின்றார்கள்.

சங்கிலி மைக்கைப் பிடித்தார். "தண்ணிக்குள்ள போனதும் நான் என்ன நினைச்சேன்னு பல பேர் கேக்கிறாங்க. மறைக்கல. 'ஐயோ அம்மா'ன்னுதான் நினைச்சேன். அடுத்த நிமிஷமே இந்த நாட்டை நினைச்சேன். நாம போயிட்டா இந்தச் சபைக்கு யாரு தலைவர்னு நினைச்சேன். சோணை வந்திருவானேன்னு நினைச்சேன். அந்த வைராக்கியத்துலதான் மேல வந்தேன்!" கைத்தட்டல் எழுந்தது. சோணையும் தட்டினார்.

அடுத்து முத்திருளனை அழைத்தார்கள். காது வலி இன்னும் விட்டிருக்கவில்லை. மைக்கின் முன்னால் வந்து நின்றார்.

"தலைவர் தண்ணிக்குள்ள இருந்தார். பார்த்தேன்" என்றார். மறுபடி கைத்தட்டல். "இன்னொருத்தருக்கும் நான் சாட்சி சொல்லணும். எந்த இடம்னு சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

"எங்களுக்கு மேல எதிரிக் கப்பல் நின்னுச்சு. அவன் காதுல ஒரு சத்தம் விழுந்தாப் போதும், குண்டு போட்டிருவான். மூச்சைக்கூட மெதுவா விட்டுக்கிட்டுக் கிடந்தோம். அந்த நேரத்துல பேட்டரி ரூமுக்குள்ள கடல் தண்ணி கசிய ஆரம்பிச்சிருச்சு. பேட்டரியில உப்புத் தண்ணி பட்டா விஷக் காத்து கிளம்பிரும். யாராச்சும் உள்ள போயி வால்வை மூடணும். பாதுஷா போனான். போனவன் உள்பக்கமா கதவைச் சாத்திக்கிட்டான். காத்து எங்க பக்கம் வரக் கூடாதுல்ல.

"கதவுக்கு இந்தப் பக்கம் நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முடியலைன்னா தட்டுடா, திறந்திருவேன்னு சொல்லியிருந்தேன். தண்ணி கசியிற சத்தம் நின்னுருச்சு. வால்வை மூடிட்டான்னு தெரிஞ்சுச்சு. அவன் தட்டுவான் தட்டுவான்னு நின்னேன். தட்டவே இல்ல. இரும்புல ஒரு தட்டு தட்டியிருந்தா மேல இருக்கிறவனுக்குக் கேட்டிருக்கும். அது அவனுக்குத் தெரியும். எதிரிக் கப்பல் நகர்ந்து போனப்புறம்தான் திறந்தோம். கதவுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தான். நாங்க அத்தனை பேரும் ஊர் வந்து சேர்ந்தது அவனாலதான். என் பதக்கமும் அவனாலதான்."

 ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மேடையில் சோணை எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. விசாரிக்கிறவரின் நிதானம் மட்டும் இருந்தது.

"ஒரு சின்னச் சந்தேகம். தட்டவே இல்லைங்கிறீங்க. அப்ப அவர் உள்ளதான் இருந்தாருங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் நின்ற சேக் மைதீன் காறித் துப்பினார். "உக்காருய்யா கீழ!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள் வந்தன. பாதுஷா விஷயம் மேல் விசாரணைக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று சோணை அவசரமாக அறிவித்தார். நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொன்னார்கள்.

முத்திருளன் மேடையைவிட்டு இறங்கிக் கடைசி வரிசைக்கு வந்தார். பக்ருன்னிசா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுல்தான் பீவி அழவில்லை. முதல் முறையாக அவரோடு பேசினார்.

"மொகம் எப்படி இருந்துச்சு தம்பி?"

"தூங்குற மாதிரி இருந்துச்சும்மா."

சுல்தான் பீவி அவரையே உற்றுப் பார்த்தார். "மத்ததெல்லாம் நெசம். இது பொய். பரவால்ல" என்றார். "ஓடிப்போயிட்டான்னு தெருவுல பேசுனவங்க மேல எனக்கு ஒருநாளும் கோவம் வந்ததில்ல தம்பி. இவதான் சண்டைக்குப் போவா. எனக்கு என்னன்னா, ஓடிப்போயிருந்தா எங்கயாச்சும் இருக்கான்ல? யாரு வந்து சொன்னாலும் நான் நம்பாமலே இருந்துட்டேன். நீங்க கதவைச் சொன்னீகள்ல, அங்கதான் அது எம் புள்ளைன்னு தெரிஞ்சுச்சு. சின்னதுல அடிபட்டாக்கூட சத்தம் போட மாட்டான்."

அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா, போகலாம். இறந்தவங்களுக்கு ஓதுற பாத்திஹாவை அவனுக்கும் ஓதணும். இத்தனை வருஷமா ஓதவிடாம வச்சிருந்தேன்."

வெள்ளிக்கிழமை முத்திருளன் அந்தத் தெருவுக்குப் போனார். பாதுஷாவின் வீட்டு வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேசிய வாய்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஓதல் தொடங்கியிருந்தது. உள்ளே எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. சேக் மைதீன் ஒன்றும் பேசாமல் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முத்திருளன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், கேட்கிற காது ஓதுகிறவர் பக்கம் இருக்கும்படி அவர் அருகில் உட்கார்ந்தார்.